நிப்பாட்டக் கூடாத கார்

பக்கீர் முகைதீனின் டீசல் கார் வெளிக்கிட்டால் கல்முனைக் கடற்கரைத் தென்னைகள் அதன் வயதுக்கு மரியாதை செய்து குனியும். அது விடுகிற புகையில் சம்மாந்துறை வயல் கொக்குகள் காகமாகிப் பறக்கும். அதைப் புதைக்க மையவாடியில் ஊர் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தது. ஆனால் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனைவி சரீபாவை இரத்தம் சுத்திகரிக்கக் கொண்டுபோக அந்தக் கார்தான் கதி. ஓட்டோவின் குலுக்கலை அவளுடைய எலும்புகள் தாங்கா. ஒரு தடவை பிந்தினாலும் இதயம் நின்றுவிடலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அப்படியிருக்க, பற்றரியின் சிவப்பு லைட் எரியத் தொடங்கியது. டிப்போவில் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர் சும்மா இருப்பாரா? பற்றரிக்கு மின்சாரம் ஏற்றும் ஒல்டனேற்றரைக் கழற்றி முற்றத்துப் பாயில் கிடத்தினார். உள்ளே பிரஷ் இரண்டும் பருப்பளவாகத் தேய்ந்திருந்தன. புதிது போட்டு, பெல்ட்டை இறுக்கி ஸ்டார்ட் பண்ண, சிவப்பு லைட் அணைந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்! காணும், கையக் கழுவிட்டு வாங்க,” என்றாள் வாசலில் இருந்த சரீபா.

கழுவியிருக்கலாம். மனிதர் கேட்கவில்லை.

“இரி புள்ள, டிப்போ டெஸ்ட் ஒண்டு இரிக்கி. எஞ்சின் ஓடக்கொள்ள லைட்டையும் போட்டு பற்றரி வயரக் கழட்டோணும். எஞ்சின் நிக்காட்டி, வேலை பக்கா!”

அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்னும் பக்கத்து வீட்டு அழகரெத்தினம் வேலிக்கு அப்பால் நின்று பதறினார். “காக்கா! அது டைனமோக் காலத்து வேலை. இதுல செஞ்சா எரிஞ்சி போயிரும்!”

“நீ பாடம் எடுக்காத, தம்பி.”

கழற்றினார். எஞ்சின் நிற்கவில்லை. ‘பார்த்தியா’ என்று அவர் துள்ளிய துள்ளலில் சாரன் அவிழப் பார்த்தது. அடுத்த நொடி ஹெட்லைட் இரண்டும் ஆழ்கடலில் நின்ற தோணிகள் கரையென்று நம்பித் திரும்புமளவுக்கு வெளிச்சம் விட்டு, டப்பென்று வெடித்தன. ஒரு தீய்ந்த நாற்றம். வயரைத் திரும்ப மாட்டினார். சிவப்பு லைட் மறுபடி எரிந்தது.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வேன் ஒண்டு பிடிச்சித் தாறன், காக்கா.”

“என்ட பொஞ்சாதிய என்ட கார்லதான் கொண்டுபோவன்!”

சரீபா காணாதபடி சிவப்பு லைட்டின்மேல் கறுப்பு டேப் ஒட்டினார்.

எரிந்த ஒல்டனேற்றர் இரவோடு இரவாகப் பற்றரியை உறிஞ்சிவிட்டது. காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஒரு சத்தம்தான். சுபஹு தொழுது வந்தவர்களெல்லாம் தள்ளினார்கள். பள்ளிவாசலையே தள்ளியிருந்தால் அது முதலில் நகர்ந்திருக்கும். வெயில் ஏறிய பிறகுதான் எஞ்சின் பிடித்தது.

“டீசல் எஞ்சின், பிடிச்சா ஓடும்,” என்றார் அழகரெத்தினம், மூச்சு வாங்க. “ஊட்ட வந்து சேருமட்டும் நிப்பாட்டிப் போடாதீங்க.”

ஆஸ்பத்திரியில் சரீபாவின் முறை வேறொருவருக்குப் போயிருந்தது. அடுத்த மெசின் மத்தியானம்தான். மூச்சு முட்ட முட்ட அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள்.

“டேப் ஒட்டினா நான் காணமாட்டன் எண்டு நினைச்சயளா?” என்றாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு. “போங்க, காரப் பாருங்க. நிண்டுரும்.”

அவர் காரிலேயே இருந்தார். காவலாளி வந்து ஏசினான், கும்பிட்டுச் சமாளித்தார். புகையில் பூமரம் கறுத்தது. எஞ்சின் இருமும்போதெல்லாம் ஸலவாத்து ஓதி, மிதியை மெல்ல அமத்தினார்.

மத்தியானத்துக்கு முன்பே சிவரூபினி என்ற தாதி வந்து கதவருகே நின்றாள்.

“ஐயா, காரை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்க.”

“நிப்பாட்டினா மறுகா ஸ்டார்ட் வராது, மகள். அவவ எப்பிடி ஊட்ட கொண்டுபோற?”

அவள் காரின் கதவைத் திறந்துவிட்டாள்.

“அதுக்கு வேற வண்டி வரும், ஐயா.”

பக்கீர் முகைதீன் டேப்பை உரித்தார். சிவப்பு லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. சாவியைத் திருப்பினார். அதுவும் அணைந்தது.