பாம்புச்செவியாரின் பூஜ்யங்கள்

பறவை பார்க்க ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் கண்ணைத் தீட்டிக்கொண்டு போவார்கள். இவர் காதைத் தீட்டிக்கொண்டு போவார். நாணலுக்குள் ஒளிந்திருக்கும் குருவியைக் குரலை வைத்தே சொல்லிவிடுவார் என்று கூட்டாளிகள் வைத்த பெயர் பாம்புச்செவியார். முப்பது வருடம் தபால் முத்திரை குத்திய மனிதருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பட்டம் அதுதான்.

ஞாயிறுதோறும் தங்கையும் கூட வருவாள். பறவை அண்ணன் துறை, பூ தங்கை துறை. தும்பை எத்தனை, நீர்முள்ளி எத்தனை என்று அவள் தன் நோட்டில் எழுதுவாள். ஒருவர் நோட்டில் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது. அவர் காது கொடுத்துக் கேட்கும்போது அவள் வாயைத் திறக்கவே கூடாது. ஒரு தடவை திறந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு கப்சிப்.

அவருடைய நோட்டு வருடம் ஒருமுறை ஆற்றுப் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போகும். அதில் கதிர்க்குருவிக்கு நேரே நான்கு வருடமாகப் பூஜ்யம். அந்தக் குருவி கண்ணில் படாது. ஊசிபோல மெல்லிய கீச்சுக் குரல்தான் அதற்கு அடையாளம்.

ஒரு ஞாயிறு கரையில் அறிவிப்புப் பலகை நின்றது. கதிர்க்குருவி இங்கே இல்லையென்று உறுதியாகிவிட்டதாம். நாணலை அழித்துக் கல்சுவர் எழுப்பப் போகிறார்களாம்.

"போயிடுச்சும்மா," என்றார். "மனுஷன் கால் பட்ட இடத்துல எது தங்கும்?"

தங்கை நீர்முள்ளிப் புதரிலிருந்து நிமிர்ந்தாள். "என்னண்ணா சொல்றீங்க? இதோ கத்துதே. வாராவாரம் கத்துது. நீங்க எழுதிக்கிட்டுதான் இருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவர் காதைத் திருப்பினார். தண்ணீர் கேட்டது. காக்கை கேட்டது. வேறொன்றும் இல்லை.

அலாரம் அடிக்கவில்லை என்று மருமகளோடு சண்டை போட்டது ஞாபகம் வந்தது. இந்தக் காலத்தில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று திட்டியதும்தான். உள்ளூர அவருக்குத் தெரியாமலா இருந்தது? பட்டம் போய்விடுமே என்ற வறட்டு கௌரவம். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் பொறியாளர் முன்னால் போய் நின்றார். "எனக்குக் காது கேக்காதுங்க. நான் போட்ட பூஜ்யம் எல்லாம் தப்பு."

பொறியாளர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். "'என் காதுக்கு எதுவும் தப்பாது'ன்னு போன வருஷம் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே ஐயா. வேலைய நிறுத்தறதுக்காக இப்ப செவிடுன்னு சொன்னா யார் நம்புவா?"

வியாழக்கிழமை காலை மண் அள்ளும் இயந்திரம் வந்துவிட்டது. கூடு கட்டும் பருவம் வேறு. அண்ணனும் தங்கையும் மேட்டில் நின்றார்கள்.

"கத்தும்போதெல்லாம் என் கைய அழுத்தும்மா," என்றார்.

அவள் அழுத்தினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி. பிறகு அடுத்தடுத்து மூன்று. நான்கு வருடம் கழித்து அவருக்கு அந்தக் குருவி கிடைத்தது.

இயந்திரம் கரையில் இறங்கியது. அதன் உறுமல் அவருக்கே கேட்டது. நாணல் கொத்துக்கொத்தாகச் சாய்ந்து, வேரோடு லாரியில் ஏறியது. மதியத்துக்குள் கரை மழித்த தலையாகக் கிடந்தது.

தங்கை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"போதும்மா," என்றார் அவர். "எனக்குக் கண்ணு தெரியும்."

அவள் நிறுத்தவில்லை.