நாலாவது படி

என் தம்பி வேங்கடசாமியின் குடோன் தரை என்னுடையதைவிட ஒன்றரை அடி உயரம். தாராபுரத்தில் அமராவதிக் கரையோரம் அப்பா விட்டுப்போன இடத்தைச் சரிபாதியாகப் பிரித்து, அடுத்தடுத்துத்தான் கட்டினோம். நான் கட்டி இரண்டு வருஷம் கழித்து அவன் கட்டினான். முன்னால் கட்டியவனைப் பார்த்துவிட்டுப் பின்னால் கட்டுகிறவன் உயர்த்திக் கட்டுவது ஒரு சாமர்த்தியமா? ஆனால் ஊர் அவனைத்தான் மெச்சியது. பங்காளிக் காய்ச்சல் என்பார்களே, எனக்கு அது கூடப்பிறந்தவன் மேலேயே வந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது.

தொண்ணூற்றேழில் கோயமுத்தூர் மில் ஒன்று இரண்டு குடோனிலும் பஞ்சு பேல் அடுக்கக் கேட்டது. வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. என் குடோன் ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. இதை விட்டால் வேறு வழியில்லை. இன்சூரன்ஸுக்கு ஒரு இன்ஜினியர் சர்டிபிகேட் தர வேண்டும். கடைசி வெள்ளம் எதுவரை ஏறியது, தரை அதற்கு எவ்வளவு மேலே, தண்ணீர் உள்ளே வராமல் என்ன செய்திருக்கிறோம் என்று அளந்து எழுதுவார். தரை அரையடி மேலே இருந்தால் போதும். எனக்கு ஓரடியே இருந்தது. தம்பிக்கு இரண்டரை அடி.

இன்ஜினியர் தேவானந்தம் துடியலூரிலிருந்து ஜீப்பில் வந்தார். முதலில் தம்பி குடோன். கூடவே போனேன். கதவுச் சட்டத்தில் பலகை செருகக் காடி எடுத்திருந்தான். ஆற்றுத் தண்ணீர் திரும்பி ஏறாதபடி சாக்கடை வாய்க்கு மூடி போட்டிருந்தான். ஸ்விட்ச் போர்டெல்லாம் மார்பளவு உயரத்தில். இன்ஜினியர் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அருமை அருமை என்றார். ஒரு சாக்கடை மூடியில் என்ன அருமை? எனக்கு வயிறு எரிந்தது.

வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டார். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடி வெள்ளம் அது. அதன் கறை வெள்ளையடித்ததில் போய்விட்டது. அன்றைக்குத் தம்பி அந்தியூர்ச் சந்தையில் காளை பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் இங்கே இருந்தேன். தண்ணீர் அவனுடைய அரையடி உயர ஆறு படியில் கீழே முதல் படியோடு நின்றது. எனக்கு நன்றாகத் தெரியும்.

"நாலாவது படிங்க" என்றேன்.

நாலாவது படி என்றால் அவனுக்கு ஓரடிதான் மிஞ்சும். எனக்கும் ஓரடி. பெரியவனும் சின்னவனும் ஒரே மட்டம் என்று சர்டிபிகேட்டில் இருக்கும். அவ்வளவுதான் என் ஆசை.

தம்பி தன் மனைவி சாந்தாமணியைத் திரும்பிப் பார்த்தான். வெள்ளத்தன்று அவளும் இங்கேதான் இருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் வெளியாள் முன்னால் மூத்தவன் பேச்சை யாரும் மறுப்பதில்லை. அண்ணன் சொன்னபடியே எழுதிக்கொள்ளச் சொல்லித் தம்பி கையெழுத்துப் போட்டான்.

அப்புறம் இன்ஜினியர் மட்டம் பார்க்க நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையை நாலாவது படியில் பிடிக்கச் சொல்லித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையை என் குடோன் சுவருக்கு இழுத்து வந்தார். என் அளவை நான் தனியாகச் சொல்கிறேன் என்றேன்.

"தண்ணிக்கு அண்ணன் தம்பி தெரியாதுங்க. ஒரே ஆறு, ஒரே மட்டம்" என்று சிரித்தபடி சுவரில் பென்சிலால் கோடு போட்டார்.

கோடு என் தரைக்கு அரையடி மேலே நின்றது. அப்படியானால் உங்கள் குடோனுக்குள் அரையடித் தண்ணீர் வந்திருக்குமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? இத்தனை வருஷம் ஆற்றங்கரையில் பிழைத்தவனுக்கு இது தோன்றவில்லை. தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்று கிளம்பினவன் கதைதான். தம்பி குடோன் தேறிவிட்டது என்றார். என்னுடையதற்குத் தர முடியாது என்றார்.

அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தம்பி என்னைப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"அண்ணா, தண்ணி மொதப் படியோட நின்னுச்சுன்னு சாந்தாமணி அப்பவே சொல்லிப்போட்டாளுங்க. ஜீப்பு இன்னும் கெளம்பலீங்க. நாந்தான் உங்களுக்குப் படிய மாத்திச் சொல்லிப்போட்டேன்னு அவருகிட்டச் சொல்லீரட்டுங்களா?"

என் பொய்யை அவன் தலையில் போட்டுக்கொள்வானாம். என் குடோனைத் திறந்துவிடுவானாம். இதற்கும் சேர்த்து நான் வாழ்நாளெல்லாம் அவனை அண்ணாந்து பார்க்க வேண்டும். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் சரியென்று தலையாட்டியிருப்பேன்.

"நான் பாத்தது நாலாவது படிதான்டா" என்றேன்.

ஜீப் போய்விட்டது.

அடுத்த மாதம் மில் லாரிகள் வந்தன. தம்பி குடோன் இரண்டே நாளில் நிறைந்தது. மீதி பேல்களை ஏற்றிய லாரிகள் என் பூட்டிய கதவை உரசுகிற மாதிரி திரும்பி, வேறு குடோன் தேடிப் போயின. நான் வீட்டுக்குப் போகாமல் கடைசி லாரி வரைக்கும் நின்று எண்ணினேன்.