உறங்க மறுத்த சூரை

இதை எனக்கு முதலில் சொன்னது என் நாத்தனார் ஜெபமலர். போன தவக்காலத்தில், மூன்றாம் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள். அவள் தூத்துக்குடியில் ஒரு மீன் கம்பெனியில், உறக்கப் பிரிவில் வேலை பார்க்கிறாள்.

மீனை உறங்க வைத்த பிறகுதான் உறைய வைக்க வேண்டும். முழித்திருக்கிற மீனை உறைய வைத்தால், போகிற வழியில் அது ஊரை நினைக்கும், கப்பல் திரும்பிவிடும். ஸ்பெயினுக்குப் புறப்பட்ட ஒரு கப்பல் அப்படித்தான் ஒரே ஒரு மீனால் கொழும்பைத் தாண்டித் திரும்பி வந்து, துறைமுகத்தில் வெட்கப்பட்டு நின்றதாம். மீனுக்கு இமை கிடையாது. உறங்குகிறதா, பாசாங்கு செய்கிறதா என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளை வளர்த்தவளுக்குத்தான் அது தெரியும். ஆகவே அந்தப் பிரிவுக்குத் தாய்மாரை மட்டுமே எடுப்பார்கள்.

அவர்களில் கைராசிக்காரி பெர்பெத்துவா. செவுள் ஓரமாகக் கையை வைத்து ஜெபம் சொல்லுவாள். கணவாய்க்கு, மாதாவை வேண்டும் மங்கள வார்த்தை ஜெபம் பத்துத் தடவை போதும். விளமீன் கொஞ்சம் முரடு. ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொன்னால்தான் உறங்கும்.

ஆனால் பெர்பெத்துவா உறங்கிப் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. அவளுடைய ஒரே மகன் ஆன்ஸ்லெம் ஆழ்கடல் படகில் சூரை மீன் பிடிக்கப் போயிருந்தான். பன்னிரண்டாம் நாள் வந்திருக்க வேண்டும். அவன் வீட்டுக்குள் கால் வைத்தால்தான் அவளுக்குக் கண் மூடும். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேறொரு படகில் நாற்பத்து மூன்று கிலோ சூரை ஒன்று வந்தது. பெர்பெத்துவா இரண்டு தடவை ஜெபமாலையை முடித்தும் அது உறங்கவில்லை.

சூப்பர்வைசர் தொபியாஸ் வந்து எட்டிப் பார்த்தான். "என்னக்கா, இன்னும் முழிச்சிருக்கு? நாலு மணிக்குக் கண்டெய்னர் பூட்டணும்."

"அதட்டினா பிள்ளை உறங்குமா தம்பி? நீ அங்கிட்டுப் போ. உன் பூட்ஸ் சத்தமே அதுக்குப் பிடிக்கல."

பக்கத்து மேசையிலிருந்து ஜெபமலர் சிரித்தாள். "மைனி, ஊரு மீனையெல்லாம் உறக்குறிய. உங்க கண்ணைப் பாருங்க, அரைச்ச மிளகா மாதிரி இருக்கு."

பெர்பெத்துவா சூரையின் பக்கம் குனிந்தாள். "என்னம்மா செய்யுது உனக்கு?"

"எம் மவன் இன்னும் வரல" என்றது சூரை.

"எங்க போயிருக்கான்?"

"லட்சத்தீவுக்குத் தெக்க. கூட்டத்தோட போனான்."

"எம் மவனும் அங்கதான். சூரை பிடிக்கப் போயிருக்கான்."

அடுத்த அறையில் ஐஸ் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்போ ரெண்டு பேரும் ஒரே படகிலதான் வருவாங்க" என்றது சூரை.

"ஆமா."

"ஒரு படகுக்கு எதுக்கு மைனி ரெண்டு பேரு முழிச்சிருக்கணும்?"

நியாயமான கேள்விதான். "அப்போ நீ உறங்கு. நான் ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்து முழிச்சிருக்கேன்" என்றாள் பெர்பெத்துவா.

"எனக்கு இமை கிடையாது. முழிச்சிருக்கது எனக்குக் கஷ்டமில்ல. நீ படு."

பெர்பெத்துவா தொப்பியையும் கையுறையையும் கழற்றி வைத்துவிட்டு ட்ரேயில் படுத்தாள். சூரை துடுப்பை அவள் காதோரம் வைத்து, கேட்டுப் பாடமான ஜெபத்தை முதலிலிருந்து சொன்னது. ஏழாவது மங்கள வார்த்தையில் அவளுக்கு வாய் லேசாகத் திறந்துகொண்டது.

தொபியாஸ் எடை போட்டான். காகிதத்தில் நாற்பத்து மூன்று, பெர்பெத்துவா நாற்பத்தொன்று. "ரெண்டு கிலோ குறையுதே" என்றான்.

"பனிப்பூச்சு குடு, எடை ஏறிரும். எல்லா மீனுக்கும் குடுக்கதுதானே" என்றாள் ஜெபமலர். மூன்று பிள்ளை வளர்த்தவள், குனிந்து ஒருதரம் மூச்சைக் கேட்டாள். "நல்ல உறக்கம். எடுத்துட்டுப் போ."

நாலு மணிக்குச் சரியாகக் கண்டெய்னரைப் பூட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆன்ஸ்லெமின் படகு வந்தது. சூரை பெர்பெத்துவாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ரப்பர் பூட்ஸில் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு, படகுத்துறையில் நின்றது. ஆன்ஸ்லெம் இறங்கி வந்தான்.

"அம்மா எங்க?"

"உறங்குறா. ஸ்பெயினில இறக்கித் தண்ணி ஊத்தினா முழிச்சுக்குவா. ஏன் லேட்டு?"

"இஞ்சின் நின்னு போச்சு சித்தி."

"சாப்பிட்டியால?"

"இல்ல."

சூரைச் சித்தி அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் புளிக்குழம்பும் அப்பளமும் வைத்துக் கொடுத்தாள். அவன் கட்டிலில் விழுந்ததும் கதவைச் சாத்திவிட்டு வேலைக்கு வந்தாள்.

அந்தப் படகின் முதல் ட்ரேயிலேயே அவளுடைய மகன் இருந்தான். பன்னிரண்டு கிலோ. கண் நன்றாக முழித்திருந்தது.

"வந்துட்டியாப்பா" என்று பக்கத்தில் போய் நின்றாள்.

"நான்தான் வந்தாச்சே, இனி நீ உறங்கலாமே அம்மா" என்றான்.

"முதல்ல நீ உறங்கு."

மற்றவர்கள் உதவிக்கு வரவில்லை. அவரவர் மேசையில் நின்று ஜெபத்துக்கு மறுமொழி மட்டும் சொன்னார்கள். நாலாவது மங்கள வார்த்தைக்கே அவன் உறங்கிவிட்டான். அவள் அதை நம்பாமல் பத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் ட்ரேயைத் தள்ளிவிட்டாள். பிறகு அடுத்த ட்ரேயை இழுத்தாள். போன மாதம் அவளுக்கு வேலையை நிரந்தரம் செய்துவிட்டார்களாம்.

நீங்கள் ரோட்டில் போகும்போது கண்டெய்னர் லாரி பக்கத்தில் வந்து நின்றால், ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள்.