நாகம்மா இல்லாத கேசட்டுகள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் சரி, கையில் வேலை இருந்தாலும் சரி, காது மட்டும் என் பக்கம் இருக்கட்டும். தங்கச் சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் ஊரிகம் லைனில், என் வீட்டுச் சுவருக்கு அடுத்த பக்கம் நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். மனம் கனக்கும், ஆனாலும் கேளுங்கள்.

காத்தவராயன் அண்ணனுக்குச் சுரங்கத்தில் பாறை துளைக்கிற மிஷின் பிடிக்கும் வேலை. எட்டு மணி நேரம் அந்த இரைச்சலுக்குள் கிடந்துவிட்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிறவருக்கு வீட்டில் ஒரே ஆசை, கச்சேரி. பாட்டுப் படித்தவர் இல்லை. எந்தச் சபாவிலும் போய் உட்கார்ந்தவரும் இல்லை. ரேடியோவில் நாதஸ்வரமோ வீணையோ வந்தால் கேசட்டில் பிடித்து வைப்பார்.

அவரிடம் ரேடியோ தனி, டேப் ரெக்கார்டர் தனி. இரண்டையும் ஸ்டூலில் எதிரெதிராக வைத்துப் பொத்தானை அழுத்துவார். வீட்டில் எந்தச் சத்தம் எழுந்தாலும் அதுவும் சேர்ந்து பதிவாகிவிடும். அதனால் கச்சேரி முடியும்வரை அவர் மனைவி நாகம்மா வாய் திறக்கக் கூடாது. கண்ணாடி வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். ஸ்டவ்வை அணைத்துவிடுவாள். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். சில நாள் பிள்ளை திலீப்பை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிடுவாள்.

"இன்னாடி, உங்க ஊட்ல யாராவது பரீட்சை எழுதறாங்களா?" என்று கேலி செய்வேன். என் வீட்டிலும் அவள் சத்தமில்லாமல்தான் சிரிப்பாள். நடுவில் இருப்பது மெல்லிய சுவர்தானே.

அண்ணன் குடித்தவர் இல்லை. அவள்மேல் ஒரு நாளும் கை வைத்தவர் இல்லை. லைனில் பாதிப் பெண்களுக்கு அவளைப் பார்த்துப் பொறாமை.

சுரங்கத்தை மூடினார்கள். திலீப் வேலை தேடி பெங்களூருக்குப் போய் அங்கேயே குடியேறினான். போன ஐப்பசியில் நாகம்மா போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு, அம்மா பேசியது ஏதாவது போனில் இருந்தால் போடு என்று அண்ணன் திலீப்பிடம் கேட்டார். ஒரு தடவை அவள் குரலைக் கேட்டால் போதும் என்றார். திலீப் தேடினான். கல்யாணம், பொங்கல், பேரன் பிறந்தநாள் என்று எத்தனையோ வீடியோ. எல்லாவற்றிலும் நாகம்மா இருந்தாள். எதிலும் பேசவில்லை. யாராவது போனைத் தூக்கிப் பிடித்தால் போதும், பதிவாகிறது என்று உதட்டை மூடிக்கொண்டிருக்கிறாள். "பாட்டி, ஹேப்பி பர்த்டே சொல்லு" என்று பேரன் கெஞ்சுகிற இடத்திலும் தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

"அம்மாவுக்கு அது பழக்கமா பூட்ச்சி, நைனா" என்றான் திலீப்.

மறுநாளிலிருந்து அண்ணன் தன் கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினார். பாட்டுக்காக இல்லை. எங்காவது ஒரு இருமல், ஒரு தும்மல், சோறு ஆறுகிறது என்று ஒரு வார்த்தை தவறி விழுந்திருக்காதா என்றுதான். இரண்டு பீரோ நிறையக் கேசட். மிஷின் சத்தத்தில் பாதி மந்தமான காது. அதை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்துக்கொண்டு கேட்பார். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவார். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கேட்டபடியே இருப்பேன். தோடி வரும், காம்போதி வரும். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம்கூட ஒன்றில் இருந்தது. நாகம்மா இல்லை.

மாசியில் ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். போனேன். கேசட்டில் வீணை அடங்கியது. அறிவிப்பாளர் பேசுவதற்கு முன்னால் அண்ணனின் குரலே வந்தது, வாலிப வயசுக் குரல்.

"மூச்சு வுடாத நாகு. ஓடினு கீது."

அப்புறம் நாடா ஓடுகிற சத்தம் மட்டும். சொன்ன சொல்லை அவள் அப்படியே கேட்டிருக்கிறாள்.

அண்ணன் பின்னால் சுற்றித் திரும்பவும் போட்டார். மூன்றாவது தடவை, அந்த வெறும் சத்தம் வருகிற இடத்தில் ஸ்பீக்கரிடம் குனிந்தார்.

"பேசு நாகு" என்றார். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பேசு."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பங்குனியில் பெங்களூரிலிருந்து பிரதாப் என்று ஒருவர் வந்தார். பழைய ரேடியோக் கச்சேரிகளைத் தேடிச் சேர்க்கிறவராம். நாலைந்து கேசட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான பதிவை எங்கும் கண்டதில்லை, குறுக்கே ஒரு சின்னச் சத்தம் இல்லையே என்று மெச்சினார். அண்ணன் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி அவரிடமே கொடுத்துவிட்டார். ஒன்றை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். அதில் என்ன கச்சேரி என்று பிரதாப் கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரி கீறா" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் பாத்திரம் உருளட்டும், பிள்ளைகள் கத்தட்டும், உங்கள் வீட்டுப் பெண்கள் நினைத்ததை நினைத்த நேரத்தில் வாய்விட்டுச் சொல்லட்டும். ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்து, நாள் முழுக்கச் சத்தமாக, உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.