அத்தையின் முதுகில் பிறை

எலிக்கு முதுகு மழிக்கும்போது என் வீட்டுக்காரி மூச்சுவிட மாட்டாள். இடது உள்ளங்கையில் எலி, வலது கையில் குட்டி மெஷின். சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாக மழித்து முடித்ததும் எலி கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். கண்ணாடி கேட்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கேட்காது. கேட்பதுபோல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

நான் அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் வாசல் காவலாளி. அவளுக்கு உள்ளே விலங்கறையில் வேலை. மழித்த இடத்தின்மேல் ஆல்பா கதிர் வீசும் தகட்டை டாக்டரம்மா கொஞ்ச நேரம் வைத்து எடுப்பார். சில வாரங்களில் தோல் சிவந்து, செதில் செதிலாக உரிந்து, பிறகு கறுப்பு முதுகில் வெள்ளை மயிர் முளைக்கும். விலங்கறையின் மங்கலான நீல வெளிச்சத்தில், ஆளுக்கொரு முழுநிலவைச் சுமந்துகொண்டு எலிகள் நடமாடும். உள்ளே போனாலே எனக்குக் கண் சொக்கும். யாரோ வானத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் கூண்டில் போட்டதுபோல் இருக்கும்.

அவற்றில் ஒரு பெண் எலி என் வீட்டுக்காரியை மட்டும் கடிக்கும். கடித்துவிட்டு ஓரக்கண்ணால் பார்க்கும். அச்சு அசல் என் அம்மாவின் பார்வை. அதற்கு ‘அத்தை’ என்று பெயர் வைத்தாள்.

“ஆல்பாவுக்கு வேகம்தான் உண்டு, வீரம் கிடையாது. நடுவுல ஒரு தாளை வச்சா அதோட நின்னுடும்” என்று டாக்டரம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அன்று மாலை வீட்டில் என் வீட்டுக்காரி சோற்றுத் தட்டில் கை வைக்கவில்லை.

“கடைசியில எல்லாத்தையும் கொன்னு தோலை வெட்டிப் பார்ப்பாங்களாம். ஒண்ணுமே ஆகாத எலியை விட்ருவாங்க இல்ல?”

“ஒண்ணுமே ஆகலன்னா அதுல பார்க்க என்ன இருக்கு?” என்றேன். வாசலில் நிற்பவனுக்கு உள்விவகாரம் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு தெரிந்து சொன்ன பதில்.

அத்தையின் முறை வந்தபோது, தகட்டுக்கு அடியில் மெல்லிய தாளை வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டாள். என் அம்மா இருந்தவரை ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட முகம் பார்த்துக் கொடுக்காதவள்!

ஆனால் அத்தை சும்மா இருக்குமா? நெளிந்திருக்கிறது. தாள் ஒரு நூல் விலகியிருக்கிறது. மற்ற எலிகளுக்கெல்லாம் பௌர்ணமி வந்தபோது, அத்தையின் முதுகில் மட்டும் நகக்கீறல்போல ஒரு பிறை.

கூண்டு தூக்க அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டரம்மா பூதக்கண்ணாடியோடு குனிந்தார். “இது மட்டும் ஏன் இப்படி? முதல்ல இதைத்தான் வெட்டிப் பார்க்கணும்.”

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் கூண்டைப் பார்த்தேன்.

“மேடம், அது கணக்குல சேராது. நான் நடுவுல தாள் வச்சுட்டேன்.”

“எதுக்கு?”

“எங்க அத்தை மாதிரியே இருந்துச்சு, மேடம்.”

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். “வேற எதுக்காவது வச்சியா?”

“இல்ல மேடம். எனக்கு ஒரே மாமியார்தான்.”

சிரிப்பு வந்த சுவடு ஒரு கணம் தெரிந்தது, உடனே மறைந்தது. “நாளையிலேருந்து நீ வரவேணாம்” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “கணக்குல சேராத எலி இங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.” வெகுநேரம் அவர் திரும்பவே இல்லை.

மாலையில் அவள் வாசலுக்கு வந்தாள். கட்டிய மனைவியானாலும் பையைச் சோதிக்க வேண்டும், விதி. திறந்தேன். உள்ளிருந்து ஓரக்கண் ஒன்று என்னைப் பார்த்தது.

“என்னது இது?”

“உங்க அம்மா.”

சல்யூட் அடித்து அனுப்பிவைத்தேன்.

இப்போதெல்லாம் அவளுக்கு வேலை இல்லை. சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்தால், பழக்கதோஷத்தில் இடது உள்ளங்கை தானாகக் குழிகிறது. அத்தை வந்து ஒரு கடி கடித்துவிட்டு அதில் சுருண்டுகொள்கிறது. மூச்சுக்கு மூச்சு அந்தப் பிறை மேலே போகிறது, கீழே வருகிறது.

“நேத்தைக்கு இருந்த அளவு இல்ல” என்றேன் ஒருநாள். நான் சொல்வதை அவள் எதைத்தான் நம்பியிருக்கிறாள்? அன்று மட்டும் குனிந்து பார்த்தாள்.

“வளருதா, தேயுதா?”

விளக்குப் போடாமல் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அறை கறுத்தது, அவள் கை மறைந்தது, எலியும் மறைந்தது. பிறை மட்டும் மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.