புதுசில் வராத ரோஜா

செண்பகராஜின் வீடியோ கடையில் கல்யாணப் படங்களை வெட்டி ஒட்டுகிறவள் பூங்கொடி. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி குருசாமி அண்ணாச்சி, மகள் விஜியின் கல்யாண கேசட்டுகளைக் கொடுத்தபோது ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

"எம் மச்சினன் சங்கரபாண்டி மூஞ்சி எங்கனயும் தெரியக் கூடாதுட்டி. அவருக்கு மாலை போட மேடைக்குக் கூப்பிட்டேன், வரல. சாப்பிடாமலே தன் ஊரு குளத்தூருக்குப் போயிட்டாரு."

தாய்மாமன் இல்லாமல் கல்யாணப் படமா? மனுஷன் பெண்ணை ஒட்டியல்லவா நிற்கிறார்! அவரை வெட்டினால் விஜியும் போய்விடுவாள். பூங்கொடி அவர் வருகிற இடமெல்லாம் முகத்தின் மேல் சுற்றுகிற ரோஜா ஒன்றை வைத்தாள். மொத்தம் முப்பத்தேழு ரோஜா. ஓரிடத்தில் மட்டும் அவளுக்குக் கை நின்றுவிட்டது. பெரிய இடத்து வம்பு நமக்கெதற்கு என்று அங்கே ரோஜாவைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள்.

வேலை முடிகிற நேரத்தில் பழைய கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டு கிடந்தது. புதிதாக வாங்கியதில் எடிட்டிங் சாப்ட்வேரே வேறு. பழையதில் செய்ததை அது திறக்க மாட்டேனென்றது.

"பேசாம மதுரையில குடுத்துருவோம்" என்றான் செண்பகராஜ்.

பூங்கொடிக்குச் சுள்ளென்று வந்தது. "நான் மாத்துதேன். ஒரு வெட்டு மாறிச்சுன்னா நாளையில இருந்து தீப்பெட்டி ஒட்டப் போயிருதேன்!"

எந்தக் கேசட்டில் எங்கே தொடங்கி எங்கே வெட்டியது என்ற பட்டியலைப் பழையதிலிருந்து எடுத்துப் புதியதற்குக் கொடுத்தாள். அது கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, படத்தைத் தானே அடுக்கிக்கொண்டது. கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள். ஒரு வெட்டுகூடப் பிசகவில்லை. அண்ணாச்சி வீட்டில் சம்பந்தி வந்து காத்திருந்ததால் சிடியோடு ஓடினார்கள்.

அந்தப் பட்டியலில் வெட்டுக்குத்தான் இடம், பூவுக்கு இடமில்லை என்பது பாவம் அவளுக்குத் தெரியாது.

இருபதாவது நிமிடம் டிவியில் சங்கரபாண்டி மீசையோடு வந்து நின்றார்.

"ஏட்டி! ரோசா எங்கட்டி?" என்று கத்தினார் அண்ணாச்சி.

"என்ன ரோசா?" என்றாள் அவர் மனைவி சுப்புத்தாய்.

செண்பகராஜ் பூங்கொடியைப் பார்த்த பார்வையில் தீப்பெட்டி வாசமே வந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவளுக்கு அழுகை முட்டியது. அதற்குள் அந்த இடமும் வந்துவிட்டது. மேடையில் அண்ணாச்சி கையில் மாலை. முன்னால் சங்கரபாண்டி கைகட்டி, மாலைக்காகத் தலை குனிந்து நிற்கிறார். அண்ணாச்சி அவரைத் தாண்டிப் போய், தன்னிடம் தீப்பெட்டி எடுக்கிற சிவகாசி ஏஜெண்ட் கழுத்தில் மாலையைப் போடுகிறார். குனிந்த தலை குனிந்தபடியே இருக்கிறது.

"இன்னொரு தடவ போடு" என்றாள் சுப்புத்தாய்.

மூன்று தடவை போட்டார்கள். "எங்கண்ணன் வரலைன்னீகளே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தி தரையைப் பார்த்தார்.

அண்ணாச்சி பூங்கொடி பக்கம் திரும்பினார்.

"அந்த ரோசாவ எம் மூஞ்சியில போடுட்டி."

"புதுசுல அந்த ரோசா இல்லயே, அண்ணாச்சி."

"இல்லையா?" அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "அப்ப இந்த மூஞ்சியோடதான் போகணும். ஏ செண்பகராஜி, குளத்தூருக்குக் கார் சொல்லு. போற வழியில ஒரு மாலை வாங்கணும்."