பவளத்துக்காகக் காத்திருந்தவர்கள்

சங்கம் என்றாலே எனக்கு ஆகாது. மாலை, பொன்னாடை, மைக்கைப் பிடித்தால் விடாத தலைவர், கடைசியில் ஒரு மிக்சர் பொட்டலம். எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணையில் நான் பார்த்த சங்கமெல்லாம் அந்த ரகம்தான்.

எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து பந்தய மாடுதான். போன வருடம் எனக்குப் புத்தி மாறி, குதிரை வண்டிப் பந்தயத்துக்கு ஆசைப்பட்டுப் பவளம் என்ற பெண்குதிரையை வாங்கினேன். செம்மண் நிறம், துறுதுறுவென்று ஒரு நடை. பிள்ளை இல்லாத வீட்டில் அவள்தான் பிள்ளை. "எனக்கே இம்புட்டுச் செல்லம் கிடையாது" என்பாள் என் மனைவி மாரிச்செல்வி.

பந்தயம் நெருங்கினால் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்போம். மாட்டுக்கு நல்லது குதிரைக்கு மட்டும் கெட்டதாகவா போகும் என்று பவளத்துக்கும் வாளி நிறைய வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் அவள் தரையைக் காலால் பறித்தாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள். பிறகு விழுந்து புரண்டாள்.

மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாயில் நல்லெண்ணெயை ஊற்றிக்கொண்டு நான் ஓடவும், மாரிச்செல்வி போன் போட்டு வரச்சொன்ன கால்நடை மருந்தக டாக்டர் அருணாதேவி ஸ்கூட்டரில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

"அண்ணாச்சி, ஊத்திறாதீக! நுரையீரலுக்குப் போயிரும்!"

குழாயைப் பிடுங்கி வைத்துவிட்டு வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். முகம் சரியில்லை. "மாடுன்னா எனக்குத் தண்ணி பட்ட பாடு. குதிரைக்கு நான் தனியா வைத்தியம் பாத்ததில்ல. எங்க குதிரை டாக்டர்க சங்கத்துல கேட்டுட்டுச் செய்யுறேன்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அங்கன தீர்மானம் போட்டு முடிக்கிறதுக்குள்ள எம் பவளம் போயிருவா, டாக்டரம்மா!"

அவள் காதிலேயே வாங்கவில்லை. வீடியோவில் கூப்பிட்டு, செல்போனை மாரிச்செல்வி கையில் கொடுத்தாள். திரையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்தார். பெயர் ரத்தினசாமி, சங்கத்தின் மூத்த டாக்டராம். "குதிரைக்கு வாந்தி வராதும்மா. அடைச்சது வெளிய வரலேன்னா இரைப்பை கிழிஞ்சிரும். மூக்கு வழியா குழாய் விடுங்க" என்றார்.

அந்தச் சங்கம் நடத்திய பயிற்சியில் கொடுத்த குழாய் அவள் பையில் பிரிக்காமல் இருந்தது. நான் பவளத்தின் தலையைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை குழாயை விட்டதும் பவளம் இருமினாள். டாக்டர் செல்போன் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுத்திரு, அது மூச்சுக்குழாய். பதறாத. எங்க எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான். அவ முழுங்கும்போது தள்ளு. கழுத்தோட இடப்பக்கம் இறங்குறது தெரியணும்."

இறங்கியது. புளித்த கஞ்சி நாற்றத்தோடு புஸ்ஸென்று காற்று வெளியேறியது. ஊசி போட்டு, குழாய் வழியாகவே மருந்தெண்ணெயையும் விட்டாள்.

"இனி வயிறு இளகி லத்தி போடணும். போட்டா பிழைச்சா. போடலேன்னா ஆபரேஷனுக்குத்தான் கொண்டு போகணும். அவ்வளவு தூரம் தாங்குவாளான்னு சொல்ல முடியாது" என்றார் ரத்தினசாமி.

அருணாதேவி போகவில்லை. நானும் அவளும் மாறி மாறிப் பவளத்தை வீட்டு முன் ரோட்டில் மெல்ல நடத்தினோம். சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் நேரத்தில், பவளம் நின்றாள். வாலைத் தூக்கினாள்.

லத்தி கீழே விழுவதற்குள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன். வெதுவெதுவென்று இருந்தது. வேனிலிருந்த பெண்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

"கூப்பிடுங்க, டாக்டரம்மா, அந்த ஐயாவைக் கூப்பிடுங்க!"

ரத்தினசாமி திரையில் வந்ததும், "போட்டுட்டா ஐயா, போட்டுட்டா!" என்று கத்தினேன்.

செல்போனுக்குள்ளிருந்து படபடவென்று கைதட்டல் கிளம்பியது. ஒருவர் இருவர் அல்ல, ஒரு மண்டபமே தட்டியது. ரத்தினசாமி செல்போனைத் திருப்பிக் காட்டினார். ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம், தோளில் பயணப் பையோடு நின்றுகொண்டிருந்தது.

"இன்னிக்கு எங்க வருஷக் கூட்டம். எப்பவோ முடிஞ்சிருச்சு. உங்க குதிரை சேதி தெரியாம ஒருத்தரும் ரயிலுக்குக் கிளம்ப மாட்டேன்னுட்டாங்க" என்றார்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "பவளத்தை எங்களுக்கு ஒரு தடவை காட்டுங்கண்ணே" என்றது.

என் குதிரையின் பெயரைச் சொல்லித்தான் கேட்டது. மாரிச்செல்வி செல்போனைப் பவளத்தின் முகத்துக்கு நேரே பிடித்தாள். லத்தி அப்பிய கையோடு அந்தச் சங்கத்தைக் கும்பிட்டேன்.